தொட்டி நின்ற இடம்

என் அத்தான் தீவில் குப்பை பொறுக்குகிறார். முப்பது வருடம் சொந்தப் படகில் கடலுக்குப் போன மனுஷன், ஐம்பத்தெட்டு வயதில் பச்சைச் சட்டையும் பச்சைத் தொப்பியும் மாட்டிக்கொண்டு, நீளமான இடுக்கியால் ஐஸ்கிரீம் கோப்பைகளையும் காலி பாட்டில்களையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. என் அக்கா, அதாவது அவர் மனைவி, ஒரு காலத்தில் இதே தீவுக் கம்பெனியின் வாசலில் ஒன்பது நாள் பட்டினி கிடந்தவள். அவள் புருஷன் இன்றைக்கு அந்தக் கம்பெனிச் சட்டையோடு படகேறினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். அக்கா மட்டும் பேசவில்லை. பதினோரு மாதமாக அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். எனக்கு நாக்கு சும்மா இருக்காது. வீட்டில் வாங்காத திட்டில்லை. ஆனால் அவர் ஏன் அந்த வேலைக்குப் போனார் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அக்காவிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். எழுத மாட்டேன் என்று கொடுக்கவில்லை. அக்காவுக்குப் படிக்கிற வழக்கம் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் கரையிலிருந்து இரண்டு மைல் தள்ளிக் கடலுக்குள் ஒரு மணல்மேடு இருந்தது. மேடு என்றால் வெளியே தெரியாது. சுற்றிலும் நல்ல ஆழம். அங்கே மட்டும் ஆறு பாகம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். காற்றடிக்கும் நாட்களில் அந்த இடத்தில் அலை தாறுமாறாக எழும்பும். எட்டு வருடத்துக்கு முன் அங்கேதான் வாலுவின் படகு கவிழ்ந்தது.

வாலு அவர்களுக்கு ஒரே பிள்ளை. சின்ன வயதில் ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்க மாட்டான் என்பதால் அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். இருபத்திரண்டு வயதில் மீசை வைத்துக்கொண்டும் வாலுதான். அன்றைக்கு அத்தானுக்கு முதுகுப் பிடிப்பு. வாலுவும் கூட்டாளி ஒருவனும் போனார்கள். திரும்பி வரும்போது என்ஜின் நின்றுவிட்டது. வாலு என்ஜினைப் பார்க்க உள்ளே இறங்கினான், கூட்டாளி மேலே நின்றான், அலை வந்தது. மேலே நின்றவன் பிழைத்தான். உள்ளே இருந்தவன் படகோடு போனான்.

பிழைத்தவனுக்கும் மண்டையில் அடி. கோர்வையாகப் பேச ஒரு மாதம் ஆனது. படகிலிருந்த ஜிபிஎஸ் படகோடு போய்விட்டதால் அவன் வாயில் மிஞ்சியது குறி மட்டும்தான். குறி என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கரையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு பொருள் ஒன்றோடொன்று சேரும்படி பார்த்தால் ஒரு கோடு கிடைக்கும். வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு பொருளை அதே மாதிரி சேர்த்தால் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நம் படகு நிற்கிறது. கூட்டாளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னான்.

"சூளைப் புகைபோக்கி மலை இடுக்குக்குள்ள இருந்துச்சு. தண்ணித் தொட்டி பள்ளிக்கூடத்து வலது மூலையில பாதி மறைஞ்சு பாதி தெரிஞ்சுச்சு. அங்கதான் கவுந்துச்சு."

இதை அத்தான் யாரிடமும் எழுதி வாங்கவில்லை. அவருக்குக் குறி என்றால் உள்ளங்கைக் கோடு. மற்ற படகுக்காரர்கள் வலை சிக்கிய இடத்தை மறந்துவிட்டால் இவரிடம்தான் வந்து கேட்பார்கள். "என் கண்ணு தப்பினா நான் கண்ண மூடுனேன்னு அர்த்தம்" என்று பீற்றிக்கொள்வார். அந்தப் பீற்றல் எனக்கு அப்போது பிடிக்காது.

உடனே போய்த் தேடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அக்கா விடவில்லை. உடம்பு கிடைக்காதவரை அவன் எங்கேயாவது கரையேறியிருப்பான் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. யாராவது இரும்புக் கொக்கியைக் கடலில் போட்டால் அது தன் பிள்ளையைக் கொல்லப் போட்டது மாதிரி பதறுவாள். அத்தானும் அதோடு கடல் தொழிலை விட்டார். மீன் ஏலக் கூடத்தில் பெட்டி அடுக்குகிற வேலை பார்த்தார். இரண்டு வருடம் அவர் கடலுக்குள் போகவே இல்லை. கடலிலிருந்து எங்கள் ஊர் எப்படித் தெரியும் என்பதைப் பார்க்கவில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் கழித்துக் கம்பெனி வந்தது. கரையோரச் சுற்றுலாவை வளர்க்கக் கடலுக்குள் ஒரு தீவு கட்டப் போகிறோம், எல்லோருக்கும் வேலை என்று படம் போட்டுக் காட்டினார்கள். படத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பல் தெரியச் சிரித்தார்கள்; எங்கள் ஊர் முகம் ஒன்றுகூட அதில் இல்லை. தீவு எங்கே என்றால் அந்த மணல்மேட்டின் மேலேதான். ஆழம் குறைவு, மண் செலவு மிச்சம்.

அக்கா அன்றைக்குத்தான் மாறினாள். "செத்தான்னா செத்துட்டுப் போறான், மேல மண்ணக் கொட்டறதுக்கு முன்னாடி என் பிள்ளைய எடுத்துக் குடுத்துடுங்க" என்றாள். ஒருவரும் காது கொடுக்கவில்லை. கம்பெனி வாசலில் போய் உட்கார்ந்தாள். வெயில், தூசி, லாரிப் புகை, ஒன்பது நாள். பத்தாம் நாள் பத்திரிகைக்காரன் ஒருவன் படம் எடுத்துப் போட்டதும் கம்பெனிக்கு இரக்கம் சுரந்தது. ஒரு நாள் தருகிறோம், இரண்டு முக்குளிப்பவர்கள் தருகிறோம், இடத்தை நீங்கள் காட்டுங்கள் என்றார்கள்.

நானும் அந்தப் படகில் போனேன். இன்ஜினியர் ஒருவர் ஆரஞ்சு அங்கி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன், பொய் சொல்லக் கூடாது. அத்தான் முன்னால் நின்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவை கடல். கையை நீட்டி இடது, வலது என்று ஓட்டுகிறவனுக்குக் காட்டிக்கொண்டே வந்தார். புகைபோக்கி மெல்ல நகர்ந்து மலை இடுக்குக்குள் போய் உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்து மூலையில் நீலத் தொட்டி பாதி மறைந்தது. அத்தான் கையைக் கீழே போட்டார்.

"இங்கதான். நங்கூரத்தப் போடுங்க."

முக்குளிப்பவர்கள் மூன்று மூன்று தடவை இறங்கினார்கள். ஏறி வரும்போதெல்லாம் தலையை ஆட்டினார்கள். கீழே துடைத்துவிட்ட மாதிரி மணல், ஒரு பலகைகூட இல்லை என்றார்கள். இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. சுத்தி ஒரு ஆயிரம் அடி பாக்கச் சொல்லட்டுமா? இடம் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கலாம்."

"என் குறி முன்னப் பின்ன போகாதுங்க" என்றார் அத்தான். "இங்க இல்லன்னா எங்கயும் இல்ல. நீரோட்டம் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்."

அவருக்கு ஒரு காகிதம் நீட்டினார்கள். நான் காட்டிய இடத்தில் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை, மண் போட எனக்கு ஆட்சேபம் இல்லை என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டார். மறுவாரம் பெரிய குழாயில் மண்ணும் தண்ணீருமாகக் கொட்ட ஆரம்பித்தார்கள். இரண்டு வருடத்தில் தீவு எழும்பிவிட்டது.

இதில் அக்காவுக்கு ஒரு ஆறுதல் கிடைத்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவன் அங்கே இல்லை, அவ்வளவு மண்ணுக்கு அடியில் இல்லை, படகோடு வெளிக்கடலுக்குப் போய்விட்டான் என்று நம்பினாள். சாயங்காலம் துணி மடித்துவிட்டு மாடிக்குப் போய்த் தீவுக்கு வலது பக்கம் தெரிகிற திறந்த கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "மூச்சு முட்டாம இருக்கான்" என்பாள். செத்தவனுக்கு என்ன மூச்சு என்று கேட்க என் நாக்குக்கே துணிச்சல் வரவில்லை. அந்த ஒரு நினைப்பில்தான் அவள் திரும்பச் சமைத்தாள், தலை வாரினாள், மனுஷியானாள்.

எனக்குக் குளிர்சாதன மெக்கானிக் வேலை. ஊரில் பழுதான ஃப்ரிட்ஜ்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என்னைத் தீவு ஹோட்டலில் சேர்த்துக்கொண்டார்கள். ஹோட்டலின் பின்பக்கம், கரையைப் பார்த்த மாதிரி ஒரு மெஷின் ரூம். நாலு கம்ப்ரசர், ஒரு ஐஸ் மெஷின், ஒரு முக்காலி. அதுதான் என் ராஜ்ஜியம். வருடத்துக்கு இரண்டு பேரை இலவசமாக அழைத்து வரச் சீட்டுக் கொடுப்பார்கள். முதல் இரண்டு வருடம் சீட்டு வீணாய்ப் போனது. போன வருடம் அக்காவிடம் சும்மா ஒரு வாய் கேட்டு வைத்தேன்.

"அவந்தான் அங்க இல்லையே. போய்த்தான் பாப்போம்" என்றாள். பிறகு அத்தானைப் பார்த்து, "நீங்களும் சட்டைய மாத்துங்க" என்றாள்.

அத்தான் மறுபேச்சுப் பேசாமல் மாற்றினார்.

அன்று வாரநாள், கூட்டம் இல்லை. படகில் ஏறும்போது கையில் காகிதப் பட்டை ஒட்டினார்கள். அக்கா அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டாள். தீவில் இறங்கியதும் வரிசையாக நிற்கும் மரங்களைத் தொட்டுப் பார்த்து, "டேய், பிளாஸ்டிக்குடா" என்று சிரித்தாள். ஒவ்வொரு மரமாகப் போய்த் தட்டிப் பார்த்தாள், ஒன்றாவது நிஜமாக இருக்காதா என்று. கடற்கரை மணலை மெஷின் வைத்து வாரிவிட்டிருந்தார்கள். கடற்கரை ஊரில் பிறந்தவள், சுற்றுலா வந்தவள் மாதிரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதில் நடந்தாள். அவள் அப்படி நடந்து நான் ஏழு வருடமாகப் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது; ஏதோ தீவை நானே கட்டிவிட்ட மாதிரி முன்னால் நடந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். அத்தான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வந்தார். அவரும் ஒரு இடத்தில் சிரித்தார், நீரூற்று அக்கா மேல் தெறித்தபோது.

வெயில் ஏறியதும் காட்சிக் கூடத்துக்குள் நுழைந்தோம். ஏசி இருக்கிறது என்பதற்காகத்தான் நுழைந்தோம், வேறு எந்த ஆர்வமும் இல்லை. தீவு பிறந்த கதையை அங்கே சுவரெல்லாம் படமாக மாட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளியே எங்கள் கரை தெரியும். கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு புகைப்படம், வேலை தொடங்குவதற்கு நாலு வருடம் முன்பு கடலிலிருந்து எடுத்தது. "அன்று" என்று போட்டிருந்தது. கண்ணாடியின் மேலே "இன்று" என்று எழுதியிருந்தது. ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

அக்கா ஐஸ்கிரீம் வாங்கப் போனாள். நான் கதவருகே தெரிந்த ஆளோடு பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அத்தான் புகைப்படத்துக்கு முன்னால் நின்றார். கண்ணாடியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். மறுபடி கண்ணாடி, மறுபடி படம். பக்கத்தில் போனேன்.

"மாப்ளே" என்றார், என்னைப் பார்க்காமல். "செல்போன் கோபுரத்துக்கு எந்தப் பக்கம் தொட்டி இருக்கு?"

"வலது பக்கம்."

"இதுல?"

புகைப்படத்தில் நீலத் தொட்டி கோபுரத்துக்கு இடது பக்கம் நின்றது.

எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. "அது பழைய தொட்டி அத்தான். இடிச்சிட்டு இந்தப் பக்கம் புதுசு கட்டுனாங்கல்ல" என்றேன். சொல்லி முடிக்கும்போதுதான் என் வாய் என்ன சொல்கிறது என்று என் காதுக்குப் புரிந்தது.

தொட்டியை மாற்றியது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாலு போன மறுவருடம் பழைய தொட்டியில் விரிசல் விட்டது. இடித்துவிட்டு, அதே தண்ணீர் அலுவலக வளாகத்தில், கோபுரத்துக்கு இந்தப் பக்கம், எண்பது அடி தள்ளிப் புதியதைக் கட்டி அதே நீலத்தை அடித்தார்கள். அந்தக் கட்டட வேலையில் எங்கள் தெருக்காரர்களே கல் சுமந்தார்கள். அத்தான் அந்தப் புதுத் தொட்டித் தண்ணீரைத்தான் தினமும் குடம் குடமாக வீட்டுக்குத் தூக்கினார். கரையில் இருக்கிறவனுக்குத் தொட்டி எங்கே நின்றால் என்ன, தண்ணீர் வந்தால் சரி. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கால் மைலில் நிற்கும் தொட்டி எண்பது அடி வலது பக்கம் நகர்ந்தால், இரண்டு மைல் கடலில் அந்தக் கோடு அறுநூறு அடிக்கு மேல் இடது பக்கம் போய்விடும். கூட்டாளி சொன்னது பழைய தொட்டி. அத்தான் பார்த்தது புதுத் தொட்டி. தேடப் போன அன்று படகில் நானும் இருந்தேன், ஓட்டியவனும் எங்கள் ஊர்தான். ஒருத்தன் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை.

அத்தான் கூடத்தை விட்டு வெளியே போனார். நான் பின்னால் ஓடினேன். அவர் முகத்தைக் கரைப் பக்கமே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார். எதிரே வந்தவர்கள் விலகிக்கொண்டார்கள். பூச்செடிகளை மிதித்தார். குழந்தைகள் ரயில் போகிற தண்டவாளத்தைத் தாண்டினார். நடுவே கட்டடம் மறைத்தால் சுற்றிக்கொண்டு போய் மறுபடி கரையைப் பார்த்தார். புகைபோக்கி மலை இடுக்கை விட்டு விலகாதபடி அவர் நடந்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. இப்போது அங்கே இல்லாத ஒரு தொட்டியைக் கோபுரத்துக்கு இடது பக்கம் மனதுக்குள் நிறுத்தி, அதில் பாதியைப் பள்ளிக்கூடத்து மூலையால் மறைக்கப் பார்த்தார்.

ஹோட்டலுக்குப் பின்னால் போய் நின்றார். அங்கே சமையல்காரர்கள் காலி பிளாஸ்டிக் பெட்டிகளைக் குவித்து வைத்திருப்பார்கள். அவர் இரண்டடி முன்னால் வந்தார், ஒரு அடி பின்னால் போனார், கையைக் கீழே போட்டார். படகில் நங்கூரத்தைப் போடச் சொன்னபோது போட்ட அதே மாதிரி. அவர் முதுகுக்குப் பின்னால் ஆறடியில் என் மெஷின் ரூம் சுவர்.

"இங்கதான்" என்றார்.

மூன்று வருடமாக நான் அந்த இடத்தில்தான் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். அங்கேதான் பல் குத்தினேன், போனில் பாட்டுக் கேட்டேன், கம்ப்ரசரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

"கீழ எவ்ளோ மண்ணு?"

"பதினஞ்சு மீட்டர்னு சொல்லுவாங்க அத்தான்."

அவர் மனதுக்குள் பாகமாக மாற்றிப் பார்த்தார் போலிருக்கிறது. உதடு அசைந்தது. பிறகு பெட்டிக் குவியல்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது செய்திருப்பேன்.

"சொல்லுவோம் அத்தான். அந்த இன்ஜினியரப் பிடிப்போம். தோண்டச் சொல்லுவோம்."

"கையெழுத்து இருக்கு மாப்ளே" என்றார். "அந்தாளு கேட்டான். சுத்திப் பாக்கட்டுமான்னு கேட்டான். மூணு மணி நேரம் இருக்குன்னான். நாந்தான் என் குறி தப்பாதுன்னேன்."

நான் அவர் காலடியில் கிடந்த காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அவகிட்ட சொல்லாத" என்றார். "அவன் மூச்சு முட்டாம இருக்கான்னு நெனச்சுத்தான் அவ மூச்சு விடறா. சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன் அத்தான்."

அந்த நேரம் பார்த்து அக்கா மூன்று கோப்பைகளைக் கையில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். யாரோ வழி சொல்லியிருக்கிறார்கள். "ஊரெல்லாம் தேடறேன், ரெண்டு பேரும் குப்பைக்குள்ள நின்னு என்ன பண்றீங்க? இதா உன் ஆபீசு?" என்று கேட்டபடி மெஷின் ரூமுக்குள் எட்டிப் பார்த்தாள். ஐஸ் மெஷின் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே குளிர்ச்சி. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்குடா இங்க. எவ்ளோ வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் மனசு கொஞ்சம் லேசா இருக்கு" என்றாள். அத்தானிடம் ஒரு கோப்பையை நீட்டினாள். "உருகுதுங்க, சாப்பிடுங்க."

அத்தான் வாங்கினார். நின்றுகொண்டே, ஒரு சொட்டு விடாமல், மரக்கரண்டியால் கோப்பையின் அடியைச் சுரண்டிச் சாப்பிட்டு முடித்தார்.

அடுத்த மாதம் அவர் தீவில் துப்புரவு வேலைக்கு மனுப் போட்டார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. எந்தப் பக்கம் வேண்டும் என்று மேஸ்திரி கேட்டதற்கு ஹோட்டல் பின்பக்கம் என்றிருக்கிறார். நாற்றம் பிடித்த இடத்தைக் கேட்டு வாங்கிய முதல் ஆள் நீதான்யா என்று அவன் சிரித்தானாம்.

அக்காவுக்குத் தெரிந்த அன்று நான் அங்கே இருந்தேன். பச்சைச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் சத்தம் போடவில்லை. அதைப் பிடித்து இழுத்து அவர் காலடியில் போட்டாள்.

"ஒம்போது நாள் நான் அவங்க வாசல்ல கெடந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பிச்ச போட்டாங்க. அவங்க குப்பைய அள்ளவா நீங்க போறீங்க? நம்ம பிள்ள போன எடத்துல எவனெவனோ குடிச்சிட்டுப் போடற பாட்டில எடுக்கறதுக்கா?"

அவர் சட்டையை எடுத்து மடித்தார். "சும்மா வீட்ல இருக்க முடியலம்மா" என்றார். அதுதான் அவர்களுக்குள் கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான். ஒரே வீடு, ஒரே அடுப்பு, இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரன்.

தீவில் அவர் யார் வம்புக்கும் போக மாட்டார். சின்னப் பையன்கள்கூட வாடா போடா என்று ஏவுகிறார்கள், செய்கிறார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். மெஷின் ரூமுக்குப் பின்னால் அந்த இடத்தில் யாரும் பெட்டியைப் போடக் கூடாது. ஒருமுறை சமையல்காரன் ஒருவன் கழிவு எண்ணெய் டின்னைக் கொண்டுவந்து வைத்தான். அத்தான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். வேலை போயிருக்கும், நான் மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி மீட்டேன். கிழவனுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். மத்தியானம் அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுவார். நான் இப்போது உள்ளேயே நின்றுகொண்டு சாப்பிடுகிறேன். அங்கே காலை நீட்ட எனக்கு முடியவில்லை.

அவரிடம் ஒருமுறை கேட்டேன், இப்படி எத்தனை நாளைக்கு என்று.

"அங்க தனியா கெடக்கான்ல" என்றார். அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருக்கிறாள். வாலு போனபோதுகூட அத்தானும் அவளும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இப்போது அதுவும் இல்லை.

"நீ சொன்னா மேனேஜர் கேப்பானாமே" என்றாள். "அவர வேலைய விட்டு எடுக்கச் சொல்லு."

"எனக்கு அவ்ளோ செல்வாக்கு இல்லக்கா."

"லீவு நாள்லயும் போறாரு. காய்ச்சலோட போறாரு. மழையில போறாரு. நான் மாடியில நின்னு பிள்ள இருக்கற பக்கம் பாக்கறேன், வந்து ஒரு நாள் கூட நின்னதில்ல." டம்ளரைக் கீழே வைத்தாள். "பெத்தவரு பிள்ளைய மறந்துட்டாருடா. அதுதான் எனக்குத் தாங்கல."

அவர் மறக்கவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. இந்த நாக்கு வாழ்க்கையில் ஒரு தடவைகூட அடங்கியதில்லை. அன்றைக்கு அதைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் நல்ல பேரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவள் பிள்ளையைப் பதினைந்து மீட்டர் மண்ணுக்குள் புதைக்க வேண்டும். அதை நான் எப்படிச் செய்வேன்?

அக்கா எழுந்து வாசல் வரை போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுடா. நீயும் அங்கதான இருக்க. அந்த மனுஷனுக்கு அங்க என்னதான் இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். "மண்ணுதான்."